தாத்தாவின் தோள் சின்னம் என்ன சொல்கிறது? பழைய பட்டாளத்துப் படங்களைப் படிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பட்டாளத்துக்கு ஆள் போன வீடுகள் நிறைய. அந்த வீடுகளின் சுவரில் ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ சீருடையில் விறைப்பாக நின்றுகொண்டிருப்பார். தோளுக்குச் சற்றுக் கீழே, சட்டைக் கையில் ஒரு துணிச் சின்னம் தைத்திருக்கும். பூனை, சேவல், கத்தி, அம்பு, நங்கூரம் என்று ஏதோ ஒன்று. அது என்னவென்று இப்போதுதான் தேடத் தொடங்கியவர்களுக்கான கட்டுரை இது.

புதிதாகத் தேடுகிறவர்கள் உருவத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்தால் போதும். எந்த நாட்டுப் படை, எந்தக் கை, எந்தக் காலம் என்ற மூன்றும் முதலில் தெரிய வேண்டும். நம் பக்கத்தில் இது கூடுதலாகவே முக்கியம். பாகூர்க்காரர் ஒருவர் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது படைவீரராகப் போயிருப்பார். தென்பெண்ணையாற்றுக்குத் தெற்கே கடலூரில் இருக்கும் அவர் மைத்துனர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியியல் படையான மதராஸ் சாப்பர்ஸில் சேர்ந்திருப்பார். இரண்டு படமும் ஒரே சுவரில் தொங்கும். ஒரு படையின் வழக்கத்தை வைத்து மற்றதைப் படித்தால், காயம் பட்டவர் படாதவர் ஆகிவிடுவார். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

சின்னம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

தோளில் இருக்கும் துணிச் சின்னம் பெரும்பாலும் ரெஜிமெண்டுடையது, அதாவது அவர் ஆளாகச் சேர்ந்த நிலையான படைப்பிரிவுடையது அல்ல. அது டிவிஷனுடையது, அல்லது அதற்கும் மேலே உள்ள கோர், ஆர்மி போன்ற பெரிய அமைப்புடையது. ஒரு டிவிஷன் என்றால் காலாட்படைப் பட்டாலியன்கள், பீரங்கிக்காரர்கள், சாப்பர்கள், லாரி ஓட்டுநர்கள், மருத்துவப் பிரிவு எல்லாம் சேர்ந்து பதினைந்தாயிரம் பேர் அளவில் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஓர் இந்திய டிவிஷனுக்குள் மதராசியும் பஞ்சாபியும் கூர்க்காவும் ஆங்கிலேயரும் ஒரே சின்னத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள். ஆகவே தோளில் சேவல் இருந்தால் அவர் எந்த ரெஜிமெண்ட் என்று அதிலிருந்து தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவை தொப்பி பேட்ஜும் தோள்பட்டையில் குத்தியிருக்கும் உலோக எழுத்தும்.

வீரத்துக்கும் இந்தச் சின்னத்துக்கும் சம்பந்தமில்லை. முன்வரிசையில் சண்டை போட்டவரும் பின்னால் கிடங்கில் கணக்கு எழுதியவரும் அதே சின்னத்தைத்தான் அணிந்தார்கள். வேறு டிவிஷனுக்கு மாற்றினால் பழையதைப் பிரித்துவிட்டுப் புதியதைத் தைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே மனிதரின் இரண்டு படங்களில் இரண்டு சின்னம் இருந்தால் ஒன்று பொய் என்று பயப்பட வேண்டாம்.

எதற்காக எண்ணுக்குப் பதில் படம்? தன் ஆளுக்குப் புரிய வேண்டும், எதிரிக்குப் புரியக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-இல் ஜெனரல் கியர்னி தன் ஆட்களை அடையாளம் காணச் சிவப்புத் துணித் துண்டை வைத்துக்கொள்ளச் சொன்னார். மறுவருடம் ஜெனரல் ஹூக்கர் அதை விரிவாக்கி ஒவ்வொரு கோருக்கும் ஒரு வடிவம் கொடுத்தார். முதல் உலகப் போரின் நடுவில் பிரிட்டிஷ் டிவிஷன்கள் எண்ணை மறைத்துப் படம் போடத் தொடங்கின. வண்டிகளிலும் அதே படம் இருக்கும். வழிதவறிய லாரிக்காரர் தன் கூட்டத்தைக் கண்டுபிடிக்க அது உதவியது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஆழமான தத்துவம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வண்டியின் பின்பக்கத்தில் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதுதான் பல சின்னங்களின் மொத்தத் தத்துவமும்.

முதல் வேலை: படத்தைச் சரியாகப் பாருங்கள்

சட்டத்திலிருந்து எடுக்க முடிந்தால் எடுத்து, பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, ஊர்ப் பெயர், தேதி, பென்சில் குறிப்பு எல்லாம் பின்னால்தான் இருக்கும். கெய்ரோ என்றோ சைகோன் என்றோ ஒரு முத்திரை இருந்தால் பாதி வேலை முடிந்தது. படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்க வேண்டாம். கண்ணாடியோடு ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே விடுங்கள்.

அடுத்து, படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய படத்தை மறுபிரதி எடுக்கும்போது நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிடுவது நடக்கும். பதக்க ரிப்பன் இடது மார்பில் இருக்க வேண்டும். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வந்து பொத்தான் போட்டிருக்க வேண்டும். இரண்டும் எதிர்ப்புறமாக இருந்தால் படத்தைக் கணினியில் திருப்பிவிட்டு மேலே போங்கள். எந்தக் கை என்பதை வைத்துத்தான் எல்லாம் நடக்கப்போகிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் ஏமாற்றும். அந்தக் காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அது கறுப்பாக விழும். நீலமோ வெளுத்துப் போகும். இதன் விளைவு என்ன? 4-ஆவது இந்திய டிவிஷனின் சின்னம் கறுப்பின் மேல் சிவப்புக் கழுகு. 5-ஆவது டிவிஷனுடையது கறுப்பின் மேல் சிவப்பு வட்டம். இந்த ஃபிலிமில் இரண்டுமே வெறும் கறுப்புச் சதுரமாகத் தெரிய வாய்ப்பு உண்டு. "சின்னம் அழிந்துவிட்டது" என்று முடிவுகட்டுமுன் ஸ்கேன் செய்த கோப்பில் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி, வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டிப் பாருங்கள். கழுகின் சிறகு மங்கலாக எழுந்து வரலாம்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவம்: மேலிருந்து கீழே படியுங்கள்

கடலூர் பக்கத்துப் படங்களில் பெரும்பாலானவை இதில் அடங்கும். தோள்பட்டையின் மேல், அல்லது சட்டைக் கை தொடங்கும் இடத்தில் ரெஜிமெண்டின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே டிவிஷன் சின்னம், இரண்டு கைகளிலும். அதற்கும் கீழே பதவிப் பட்டைகள். ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார்.

தோள்பட்டையில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்ததும் "தாத்தா லெப்டினன்ட்" என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். லெப்டினன்டுக்குக் கீழ்நிலை இந்திய அதிகாரியான அன்றைய ஜமேதாருக்கும் ஒரு நட்சத்திரம்தான், அவருக்கு மேலே உள்ள சுபேதாருக்கு இரண்டு, சுபேதார் மேஜருக்குக் கிரீடம். பின்னாளில் இவர்களுக்குத் தோள்பட்டையின் குறுக்கே சிவப்பும் மஞ்சளுமான ஒரு சின்ன ரிப்பன் வந்தது. அது தெரிந்தால் அவர் ஜமேதார் அல்லது சுபேதார். சுபேதாராக ஓய்வு பெறுவது சாதாரணக் காரியமில்லை. இல்லாத லெப்டினன்ட் பட்டத்தை அவருக்குக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

இனி உருவங்களுக்கு வருவோம். பர்மா போர்முனையில் இருந்தவர்களின் படங்களில் இவற்றைத் தேடுங்கள்: மஞ்சளின் மேல் கறுப்புப் பூனை 17-ஆவது டிவிஷன். கறுப்பின் மேல் பொன்னிற அம்பு 7-ஆவது. மஞ்சள் வட்டத்தில் சிவப்புச் சண்டைச் சேவல் 23-ஆவது. பச்சையின் மேல் சீட்டுக்கட்டு இஸ்பேட் ஏஸ் 25-ஆவது. இது 1942-இல் தென்னிந்தியாவில் திரட்டப்பட்ட டிவிஷன் என்பதால் நம் பக்கத்து ஆட்களின் படத்தைப் பார்க்கும்போது நினைவில் வையுங்கள். முக்கோணத்துக்குள்ளிருந்து புலி வெளியே வந்தால் 26-ஆவது.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது 19-க்கும் 20-க்கும் இடையில். இரண்டிலும் ஆயுதம் பிடித்த கை. 19-இல் இருப்பது குத்துவாள், சிவப்பின் மேல் மஞ்சளாக; 1945 மார்ச்சில் மாண்டலேயைப் பிடித்தது இந்த டிவிஷன்தான். 20-இல் இருப்பது வளைந்த வாள், கறுப்பின் மேல் வெள்ளையாக. புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்த 20-ஆவது டிவிஷனில் ஒரு தனி அக்கறை இருக்கலாம். ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 செப்டம்பரில், ஜெனரல் கிரேசியின் தலைமையில் அது சைகோனுக்குப் போனது. பிரெஞ்சு அலுவலகங்களில் வேலை பார்த்த புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் அதற்குப் பல காலம் முன்பிருந்தே அந்த நகரத்தில் குடியிருந்தார்கள். சைகோன் ஸ்டுடியோ முத்திரையோடு, தோளில் வளைவாளோடு ஒரு தமிழர் நின்றால் அவரைப் பிரெஞ்சு சொல்தா என்று எண்ணிவிடாதீர்கள். அவர் பிரிட்டிஷ் இந்தியப் படை.

டிவிஷன்களுக்கு மேலே இருந்த 14-ஆவது ஆர்மியின் சின்னம் சிவப்புக் கேடயத்தில் ஒரு வாள், நுனி கீழ்நோக்கி. சின்னங்கள் வரைகிறவர்களின் மரபுப்படி வாள் மேல்நோக்கித்தான் இருக்க வேண்டுமாம். பர்மாவை வடக்கிலிருந்து தெற்காக இறங்கித்தான் மீட்க வேண்டியிருக்கும் என்பதால் அப்படி வைத்ததாக, அதை வரைந்த அந்த ஆர்மியின் தளபதி ஜெனரல் ஸ்லிம்மே பின்னாளில் சொன்னார். அர்த்தமுள்ள சின்னம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

ஆப்பிரிக்கா, இத்தாலி பக்கம் போனவர்கள் என்றால் சிவப்புக் கழுகைத் தேடுங்கள். மதராஸ் சாப்பர்ஸின் சில கம்பெனிகள் 4-ஆவது டிவிஷனோடு இருந்தன. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி இறந்து, ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் அந்தச் சாப்பர்ஸைச் சேர்ந்தவர்தான்.

சின்னமே இல்லாத படமும் வரும். அதில் மர்மம் எதுவும் இல்லை. கப்பல் ஏறுமுன் ரகசியத்துக்காகக் கழற்றச் சொல்வார்கள். வெப்ப நாடுகளில் சட்டை தினமும் டோபியிடம் போகும் என்பதால் கழற்றி மாட்டும்படியாகவும் வைத்திருந்தார்கள். அப்படிக் கழற்றியதுதான் பல வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது.

பிரெஞ்சுப் படை: தோளை மட்டும் பார்த்தால் போதாது

புதுச்சேரியில் பிரெஞ்சுப் படைக்குப் போனவர்கள் முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே இருக்கிறார்கள். கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னம் அவர்களில் இறந்தவர்களுக்கானது. அந்தக் காலத்துப் படத்தில் காலரைப் பாருங்கள். ரெஜிமெண்டின் எண் அங்கேதான் இருக்கும். காலரிலோ தொப்பியிலோ நங்கூரம் இருந்தால் அது காலனியப் படை. நங்கூரத்தைப் பார்த்துவிட்டுக் "கடற்படையில் இருந்தார்" என்று எழுதுகிறவர்கள் பலர். காலனியப் படை தரைப்படைதான். பிரெஞ்சுக் கப்பற்படையோடு இருந்த பழைய உறவால் நங்கூரம் ஒட்டிக்கொண்டது. 1961-இல் அதன் பெயரையே மறுபடி மரீன் படை என்று மாற்றினார்கள். நங்கூரம் இன்றும் இருக்கிறது.

முன்னே சொன்ன தலைகீழ் விஷயம் இதுதான். முதல் உலகப் போரில் பிரெஞ்சு வீரரின் இடது மேல்கையில் இருக்கும் வி வடிவப் பட்டைகள் போர்முனையில் இருந்த காலத்தைச் சொல்லும்: முதல் பட்டைக்கு ஒரு வருடம், அடுத்த ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம். வலது மேல்கையில் இருந்தால் ஒவ்வொரு பட்டையும் ஒரு காயம். பிரிட்டிஷ் வழக்கத்தில் காயத்துக்கு இடது முன்கையில் நேர்க்குத்தான ஒரு பொன்னிறக் கோடு. வெளிநாட்டுப் பணிக் காலத்துக்கு வலது முன்கையில் சின்ன வி பட்டைகள். அதனால்தான் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்த்து நேராக்கச் சொன்னேன். பிரெஞ்சுப் படத்தை பிரிட்டிஷ் முறையில் படித்தால் மூன்று முறை குண்டடி பட்ட மனிதரைச் சும்மா ஊர் சுற்றியவர் ஆக்கிவிடுவோம்.

இடது தோளைச் சுற்றிப் பின்னிய கயிறு தொங்குகிறதா? அதற்கு ஃபுராழேர் என்று பெயர். போரில் பல முறை பாராட்டுப் பெற்ற படைப்பிரிவுக்கு மொத்தமாகக் கொடுப்பது. முதல் உலகப் போர்க் கணக்கில் பச்சையும் சிவப்பும் கலந்தது இரண்டு அல்லது மூன்று பாராட்டுக்கு, மஞ்சளும் பச்சையும் நான்கு ஐந்துக்கு, சிவப்பு ஆறு அல்லது அதற்கு மேல். பிரிவுக்குக் கிடைத்த பெருமையைப் பின்னால் சேர்ந்தவரும் அணியலாம் என்பதால், கயிறு தெரிவதை வைத்து மட்டும் தாத்தா அந்தச் சண்டையில் இருந்தார் என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பரில், ஆளுநர் பொன்வேன் பிரெஞ்சு இந்தியாவை சுதந்திர பிரெஞ்சுப் படைகளின் தலைவர் தெகோலின் பக்கம் சேர்த்தார். அந்த வழியில் போனவர்களின் படத்தில் லொரேன் சிலுவை, அதாவது இரண்டு குறுக்குக் கட்டைகள் உள்ள சிலுவை இருக்கலாம். சுதந்திர பிரெஞ்சுப் படைகள் அத்தனையும் இந்தச் சிலுவையைப் பயன்படுத்தின. பிரான்ஸ் வரைபடத்தின் மேல் சிலுவை இருந்தால் 2-ஆவது கவச டிவிஷன் என்று தைரியமாகச் சொல்லலாம். வெறும் சிலுவையை வைத்து எந்தப் பிரிவு என்று சொல்ல முடியாது. இவர்கள் பிரிட்டிஷ் சீருடையே அணிந்து, தோளில் பிரான்ஸ் என்ற எழுத்தை மட்டும் தைத்திருந்தது உண்டு. சட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

1945-க்குப் பிறகு, இந்தோசீனா, அல்ஜீரியா காலத்தில், இடது மேல்கையில் வைர வடிவத் துணி வரும். காலனியப் படை என்றால் அதில் நங்கூரம். ரெஜிமெண்டின் தனிச் சின்னமோ துணியில் இல்லை; வலது மார்புப் பையில் தொங்கும் எனாமல் பேட்ஜில் இருக்கும். அது இன்னும் வீட்டில் இருந்தால் திருப்பிப் பாருங்கள், செய்த கம்பெனியின் பெயர் இருக்கும். பாரிஸ் தயாரிப்பான திராகோ என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும்.

மற்றவை

மலாயா, சிங்கப்பூரிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஆனால் பாயும் புலி போட்ட மூவர்ணக் கைச் சின்னத்தைக் காட்டி "இது சிங்கப்பூர் ஐ.என்.ஏ." என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். வலது கையில் அந்தப் புலிக் கேடயத்தை அணிந்தது ஜெர்மனியில் அமைந்த இந்திய லீஜியன். அதன் மேல் ஜெர்மன் மொழியில் ஃப்ரைஸ் இந்தியன் என்று எழுதியிருக்கும்.

அமெரிக்கப் படையில் இடது தோள் இப்போதைய பிரிவு, வலது தோள் முன்பு போரில் இருந்த பிரிவு. இந்த விதியை இணையத்தில் படித்துவிட்டு இந்தியப் படத்துக்குப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியப் படையில் இரண்டு கையிலும் ஒரே சின்னம்தான்.

1947-க்குப் பிறகும் அதே பூனை, அதே அம்பு

சிவப்புக் கழுகு, கறுப்புப் பூனை, பொன்னம்பு, குத்துவாள், இஸ்பேட் ஏஸ் எல்லாம் சுதந்திர இந்தியாவின் ராணுவத்திலும் தொடர்கின்றன. ஆகவே குத்துவாள் இருந்தால் 1945-ஆகவும் இருக்கலாம், 1971-ஆகவும் இருக்கலாம். காலத்தைத் தொப்பி பேட்ஜும் பொத்தானும் சொல்லும். கிரீடம் இருந்தால் 1950-க்கு முன், அசோகச் சிங்கங்கள் இருந்தால் குடியரசுக்குப் பின். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பேட்ஜில் உள்ள யானை 1803 அஸ்ஸாயே போரின் நினைவாக வந்தது. அந்த யானை தொப்பியில் தெரிந்தால் ரெஜிமெண்ட் பிடிபட்டுவிட்டது, தோளில் டிவிஷனை மட்டும் தேடினால் போதும்.

காகிதத்தோடு ஒப்பிடுங்கள்

படத்தை வைத்துச் சொல்வது எல்லாமே ஊகம்தான், காகிதம் கிடைக்கும்வரை. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தார் வீட்டில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைத் தேடுங்கள். அது போய்விட்டது என்றால் பதக்கத்தைக் கையில் எடுத்து விளிம்பையும் பின்பக்கத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இந்திய வீரர்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் பெரும்பாலும் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் வெட்டியிருக்கும். அந்த எண் கிடைத்தால் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம்: மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. கடிதம் எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். எண் இல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால் தேடுவது கடினம். முனுசாமிகளும் கோவிந்தசாமிகளும் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

போரில் இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். பெயரின் ஆங்கில எழுத்தை நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள்.

பிரெஞ்சுப் பக்கம் என்றால் லிவ்ரே மிலித்தேர் என்ற சின்னக் கையேடு. பணி விவரம் முழுக்க அதில் இருக்கும், பென்ஷன் காகிதங்களோடு சேர்த்து யாராவது பத்திரமாக வைத்திருப்பார்கள். அது இல்லை என்றால் பிரான்சில் போ (Pau) என்ற நகரத்தில் ராணுவ ஊழியர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பிறந்த தேதியும் ஊரும் கொடுத்து எழுத வேண்டும். போரில் இறந்தவர்களுக்கு பிரெஞ்சு அரசின் மெம்வார் தெ சோம் தளம்.

கையில் உண்மையான சின்னம் கிடைத்தால்

துவைக்காதீர்கள். இஸ்திரி போடாதீர்கள். பழைய சாயம், முக்கியமாகச் சிவப்பு, தண்ணீர் பட்டால் ஓடிப் பக்கத்துத் துணியெல்லாம் கறை ஆக்கிவிடும். நாப்தலின் உருண்டையோடு பிளாஸ்டிக் பையில் அடைப்பதும் வேண்டாம். நம் கடற்கரை ஈரத்தில் பைக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். சட்டையில் தைத்தபடி இருந்தால் பிரிக்கவே கூடாது. தையல் நூலும் அது இருக்கும் உயரமும்கூடச் சாட்சிதான்.

பழைய பொருள் கடையிலோ சண்டே மார்க்கெட்டிலோ விலைக்கு வருவதை வாங்குவதற்கு முன், ரூபாய் நோட்டு பார்க்கும் யூவி டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். போருக்குப் பிந்தைய நூல்களிலும் செயற்கை இழைகளிலும் உள்ள வெளுப்பான் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிரும். ஒளிர்ந்தால் 1944 என்று சொல்லும் கடைக்காரரிடம் பேரம் பேச வேண்டியதில்லை, நகர்ந்துவிடலாம். ஒளிராதது எல்லாம் அசல் என்றும் இல்லை. டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கும் வேலையும் நடக்கிறது. அப்புறம், வாங்கியதைச் சட்டையில் தைத்துக்கொண்டு படைவீரர் என்று பிறர் நம்பும்படி நடமாடுவது சட்டப்படி குற்றம்.

வீட்டுச் சின்னத்தை அடையாளம் கண்டுவிட்டீர்கள் என்றால் படத்தின் ஸ்கேனோடு ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: யார், எந்தக் கையில் என்ன இருக்கிறது, எதை வைத்து எந்தப் பிரிவு என்கிறீர்கள், எது இன்னும் ஊகம். பாட்டியோ அத்தையோ இருக்கும்போதே அவர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே தனியாக எழுதுங்கள். "ரங்கூன் பக்கம் பூனைப் பட்டாளம்" என்று அத்தை சொன்னால் அதைத் திருத்தி 17-ஆவது டிவிஷன் என்று மட்டும் எழுதாமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.